தூக்கி வைக்கப்பட்ட கண்ணாடி

கேமரா விற்கும் கடையில் நின்று, டிஎஸ்எல்ஆர்கள் ஏன் அலமாரியிலிருந்து மறைந்துகொண்டிருக்கின்றன என்று கேட்டால் அநேகமாக ஒரே பதில்தான் வரும்: "மிரர்லெஸ் வெயிட் கம்மி சார்." வெளியே வந்து நண்பர் யாரிடமாவது கேட்டால் இன்னொரு பதில்: "அதான் செல்போன்லயே எல்லாம் வந்துடுச்சே." பதினைந்து ஆண்டுகளாகக் கல்யாண மண்டபங்களிலும் கோயில் விழாக்களிலும் கேமராவைச் சுமந்து திரிந்த எனக்கு இந்த இரண்டு பதில்களும் நிறைவு தந்ததில்லை. முதலாவது பெரும்பாலும் தவறு. இரண்டாவது பாதிதான் உண்மை. நடந்தது என்ன என்று புரிய வேண்டுமானால், டிஎஸ்எல்ஆரின் வயிற்றுக்குள் இருந்த கண்ணாடி என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஃபிலிமுக்கு ஒரு குணம் உண்டு. அதன்மேல் வெளிச்சம் பட்டால் படம் பதிந்துவிடும். ஆகவே படம் விழப்போகும் இடத்தில் அது எப்படி விழும் என்று முன்கூட்டிப் பார்க்க வழியில்லை. லென்ஸ் காண்பதையே கண்ணும் காண வேண்டுமென்றால், ஃபிலிமுக்கு முன்னால் ஒரு கண்ணாடியை 45 பாகைச் சாய்வில் வைத்து வெளிச்சத்தை மேலே திருப்பிவிட வேண்டும். பொத்தானை அழுத்தும் கணத்தில் கண்ணாடி எழுந்து வழிவிட வேண்டும். 35 மி.மீ. ஃபிலிமில் இதைச் சாதித்தவற்றுள் முன்னோடி 1936ல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரிலிருந்து வந்த கீனே எக்ஸாக்டா. அதில் குனிந்து மேலிருந்து பார்க்க வேண்டும். இடது வலதாகத் தெரியும். 1949ல் காண்டாக்ஸ் எஸ் கேமராவில் பென்டாபிரிசம் என்ற ஐம்முகப் பட்டகம் வந்து அந்தக் குறையைத் தீர்த்தது. இருந்தும் ஒரு படம் எடுத்தவுடன் கண் முன்னால் இருட்டு. ஃபிலிமைச் சுற்றினால்தான் கண்ணாடி மறுபடி கீழே வரும். தானே உடனே இறங்கிவிடும் கண்ணாடியை 1954ல் ஜப்பானின் அசாஹிஃப்ளெக்ஸ் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 1959ல் நிக்கான் எஃப் வந்தபின், நாளடைவில் பத்திரிகைப் புகைப்படக்காரர்களின் கழுத்தில் வேறு வகைக் கேமரா தொங்குவது அரிதாகிவிட்டது.

அந்த முதல் நாட்களிலேயே கண்ணாடி இடம் கேட்டது. அது எழுந்து இறங்க லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவில் இடைவெளி வேண்டும். நிக்கான் எஃப் மவுண்டில் அது 46.5 மி.மீ.; பின்னால் வந்த கேனான் ஈஎஃப் மவுண்டில் 44 மி.மீ. அகலக்கோண லென்ஸ்களுக்கு இந்தத் தொலைவு பெரிய இடைஞ்சல். நிக்கான் எஃப் கேமராவுக்கென்று முதலில் வந்த 2.1 செ.மீ. நிக்கோர் லென்ஸின் பின்பகுதி உள்ளே நீண்டிருந்ததால், கண்ணாடியை மேலே பூட்டிவைத்துவிட்டு, தலையில் தனியாக ஒரு வியூஃபைண்டரைச் செருகித்தான் படமெடுக்க வேண்டும். கண்ணாடிக் கேமராவைக் கண்ணாடி இல்லாமல் பயன்படுத்தும் தேவை அதன் பிறப்பிலேயே இருந்தது.

ஆனால் கண்ணாடிக்கு இரண்டாவதாக ஒரு வேலை வந்தது. என் கணிப்பில், கதையின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. 1985ல் மினோல்டா 7000 கேமரா தானியங்கி ஃபோகஸை உடலுக்குள்ளேயே கொண்டுவந்தது. அதன் பின் வந்த ஏறக்குறைய எல்லா எஸ்எல்ஆர்களிலும் (கண்ணாடி வைத்த கேமராக்களிலும்) பெரிய கண்ணாடியின் ஒரு பகுதி வெளிச்சத்தைச் சற்றே ஊடுருவவிடும். அதன் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு கண்ணாடி அந்த வெளிச்சத்தைக் கீழே, கேமராவின் அடித்தளத்தில் இருக்கும் ஃபோகஸ் சென்சாருக்கு அனுப்பும். லென்ஸின் ஒரு ஓரத்திலிருந்து வரும் பிம்பத்தையும் மறு ஓரத்திலிருந்து வரும் பிம்பத்தையும் அது ஒப்பிடும். இரண்டும் பொருந்தினால் ஃபோகஸ் சரி. பொருந்தாவிட்டால், எந்தத் திசையில் எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை வைத்து, லென்ஸை எங்கே நகர்த்த வேண்டும் என்று ஒரே கணக்கில் சொல்லிவிடும். தேடுதல் கிடையாது, தடுமாற்றம் கிடையாது. ஓடும் குதிரையையும் பறக்கும் பருந்தையும் தானியங்கி ஃபோகஸ் விடாமல் தொடர முடிந்தது இதனால்தான்.

இதற்கு ஒரு விலையும் இருந்தது. லென்ஸிலிருந்து ஃபிலிமுக்கு ஒரு தொலைவு, வியூஃபைண்டர் திரைக்கு ஒரு தொலைவு, அடியிலுள்ள ஃபோகஸ் சென்சாருக்கு ஒரு தொலைவு. இந்த மூன்றும் மயிரிழை பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். ஃபிலிமிலும் சிறு பிரிண்டிலும் பெரிதாகத் தெரியாத பிசகு, டிஜிட்டல் படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்க்கும் காலம் வந்ததும் பல்லை இளித்தது. எஃப் 1.4 துளையில் மணப்பெண்ணின் முகத்தை எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து பார்த்தால், ஜிமிக்கி ஊசிமுனையாக இருக்கும். கண் மட்டும் லேசாகக் கலங்கியிருக்கும். எத்தனை இரவுகள் சுவரில் அளவுகோலைச் சாய்த்து ஒட்டி, லென்ஸுக்கு லென்ஸ் ஃபோகஸ் திருத்தம் செய்திருக்கிறேன் என்று கணக்கில்லை. முகூர்த்தம் திரும்பி வராது என்பதால் அந்த வேலையில் சலிப்பு காட்ட முடியாது. இன்னொரு வரம்பும் உண்டு. ஃபோகஸ் புள்ளிகள் எல்லாம் சட்டத்தின் நடுவில்தான் கூடியிருக்கும். 2017ல் வந்த நிக்கான் டி850, டிஎஸ்எல்ஆர் கலையின் உச்சம் என்று நான் கருதும் கேமரா. அதிலிருந்த 153 புள்ளிகளும்கூட ஓரங்களை எட்டவில்லை. நடுவில் ஃபோகஸைப் பிடித்துவிட்டுச் சட்டத்தை நகர்த்தும் பழக்கம் எங்கள் கைகளில் ஊறிப்போனது அதனால்தான்.

டிஜிட்டல் வந்தபோதே கண்ணாடியின் முதல் வேலைக்கு அவசியம் போய்விட்டது. சென்சார் ஃபிலிமைப் போன்றதல்ல. அது பார்த்துக்கொண்டே இருக்கலாம், வேண்டும்போது பதிவு செய்யலாம். ஆனால் 1991ல் கோடாக் நிறுவனம் தன் முதல் டிசிஎஸ் கேமராவை நிக்கான் எஃப்3 உடலின்மேல்தான் கட்டியது. நிக்கான் 1999ல் டி1ஐக் கொண்டுவந்தபோதும், கேனான் 2003ல் 1,000 டாலருக்குக் கீழே 300டியைக் கொடுத்து டிஎஸ்எல்ஆரை வீட்டுப் பொருளாக்கியபோதும் கண்ணாடி அப்படியே இருந்தது. வாங்கி வைத்த லென்ஸ்கள் ஒரு காரணம். அந்தக் காலச் சிறு திரைகளின் தரம் கண்ணை வைத்துப் பார்க்கும்படி இல்லாதது இன்னொன்று. எல்லாவற்றுக்கும் மேலாக, வேகமான ஃபோகஸ் கண்ணாடியின் முதுகில் தொங்கிக்கொண்டிருந்தது.

2008ஆம் ஆண்டின் ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும், மூன்று வார இடைவெளிக்குள் மூன்று கேமராக்கள் அறிவிக்கப்பட்டன. வீடியோ எடுக்கும் முதல் டிஎஸ்எல்ஆரான நிக்கான் டி90. கண்ணாடியே இல்லாத, அதாவது மிரர்லெஸ் வகையான பானசோனிக் ஜி1. முழுச்சட்டச் சென்சாரில் முழு எச்டி வீடியோ தந்த கேனான் 5டி மார்க் 2. வரலாற்றில் இவை தனித்தனியாகப் பேசப்படுகின்றன. சேர்த்துப் பார்த்தால் ஒன்று புலப்படும்: டிஎஸ்எல்ஆரில் வீடியோ எடுக்கும்போது கண்ணாடி மேலே எழுந்து அப்படியே நின்றுவிடும், வியூஃபைண்டர் இருண்டுவிடும், பின்திரையைப் பார்த்துத்தான் வேலை செய்ய வேண்டும். அதாவது வீடியோ ஓடும் நேரம் முழுவதும் அது கண்ணாடியில்லாக் கேமராதான்.

5டி மார்க் 2 திரைத்துறையில் செய்தது சிறிய காரியமல்ல. 2010ல் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரான 'ஹவுஸ்' ஒரு முழு அத்தியாயத்தையே அதில் எடுத்தது. தமிழில் 2012ல் வெளியாகித் தேசிய விருது பெற்ற 'வழக்கு எண் 18/9' படத்தை ஒளிப்பதிவாளர் விஜய் மில்டன் கேனான் ஸ்டில் கேமராவில்தான் எடுத்தார். ஃபிலிம் சுருளுக்குக் காசில்லாமல் கதையை மட்டும் வைத்துக்கொண்டு நின்ற குறும்பட இளைஞர்களுக்கு அந்த ஆண்டுகளில் டிஎஸ்எல்ஆர் பெரிய கதவைத் திறந்துவிட்டது. அதை நினைக்கும்போது எனக்கு இன்றும் நன்றியுணர்வுதான் வருகிறது. ஆனால் அவர்கள் யாரும் அந்தக் கண்ணாடியைப் பயன்படுத்தவில்லை. தூக்கி வைத்துவிட்டுத்தான் படமெடுத்தார்கள்.

பிறகு ஏன் பத்தாண்டு தாமதம்? முதல் மிரர்லெஸ்கள் ஃபோகஸில் நொண்டின. ஃபோகஸ் சென்சார் இல்லாததால், பிம்பத்தின் கூர்மை கூடுகிறதா குறைகிறதா என்று லென்ஸை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்துத்தான் அவை இடத்தைக் கண்டுபிடித்தன. மேசைமேல் இருக்கும் பூவுக்கு அது போதும். மாலை மாற்றும்போது மாப்பிள்ளையின் தோழர்கள் அவரைத் தூக்கிவிடுகிற வேகத்துக்குப் போதாது. ஒலிம்பஸ், சாம்சங், ஃபுஜிஃபில்ம் எல்லாம் 2009 முதல் 2012 வரை அழகழகான சிறிய உடல்களைக் கொண்டுவந்தன. தொழில்காரர்கள் வாங்கிப் பார்த்துவிட்டுப் பயணங்களுக்கு வைத்துக்கொண்டார்கள்.

திருப்பம் சென்சாருக்குள்ளேயே நடந்தது. இரு ஓரப் பிம்பங்களை ஒப்பிடும் அதே வேலையைப் பதிவு செய்யும் சென்சாரின் புள்ளிகளே செய்யக் கற்றுக்கொண்டன. மாற்று லென்ஸ் கேமராக்களில் இதை முதலில் கொண்டுவந்தது 2011ல் வெளியான நிக்கான் 1 தொகுதி. 2013ல் கேனான் ஒரு படி மேலே போய், ஒவ்வொரு புள்ளியையும் இரண்டாகப் பிளந்து ஒவ்வொன்றையும் ஃபோகஸ் கருவியாக்கியது. அந்தத் தொழில்நுட்பம் முதலில் இடம்பெற்ற கேமரா 70டி. அது ஒரு டிஎஸ்எல்ஆர். கண்ணாடியின் கடைசி வேலையைப் பறித்த கருவி கண்ணாடிக்குப் பின்னாலேயே பிறந்தது.

இதன் விளைவுகளை ஒரு புகைப்படக்காரராக நினைத்துப் பாருங்கள். படம் பதியும் பரப்பிலேயே ஃபோகஸும் கணக்கிடப்படுவதால் மூன்று தொலைவுகளின் பிசகு என்ற பேச்சே இல்லை. சுவரில் அளவுகோல் ஒட்டும் இரவுகள் முடிந்தன. புள்ளிகள் சட்டத்தின் ஓரம்வரை பரவின. சென்சார் எப்போதும் முழுப் பிம்பத்தையும் பார்த்துக்கொண்டிருப்பதால், முகம் எது, கண் எது என்று அடையாளம் காணவும் முடிந்தது. 2017ல் வந்த சோனி ஏ9, 693 ஃபோகஸ் புள்ளிகளோடு சட்டத்தின் 93 விழுக்காட்டை மூடியது. வினாடிக்கு 20 படங்கள், நடுவில் கண் இருளாமல், சத்தமில்லாமல். நான் ஊகத்தில் சொல்லவில்லை: என்னைப் போன்றவர்களை மாற வைத்தது கண்ணைத் தேடிப் பிடிக்கும் அந்த ஃபோகஸ்தான்.

கடைக்காரரின் பதிலுக்கு இப்போது வரலாம். உடல் எடை குறைந்தது உண்மை. டி850 சுமார் ஒரு கிலோ. 2018ல் வந்த நிக்கான் இசட்7 675 கிராம். ஆனால் கல்யாணத்தில் உடலை மட்டுமா தூக்குகிறோம்? கேனானின் பழைய ஈஎஃப் 85 மி.மீ. எஃப் 1.2 லென்ஸ் 1,025 கிராம். அதே அளவுகளோடு மிரர்லெஸ்ஸுக்காக வந்த ஆர்எஃப் லென்ஸ் 1,195 கிராம். கண்ணாடி போனதால் லென்ஸின் பின்புறம் சென்சாருக்கு அருகே வர முடிந்தது. நிக்கான் இசட் மவுண்டில் இடைவெளி 16 மி.மீ. தான். வடிவமைப்பாளர்கள் அந்தச் சலுகையை எடை குறைப்பதைவிடக் கூர்மையைக் கூட்டுவதற்கே பெரிதும் செலவிட்டார்கள். அது நல்ல முடிவு என்றே நினைக்கிறேன். என் முதுகு மட்டும் வேறு கருத்துச் சொல்கிறது.

சோனி ஏன் முந்தியது? அது 2006ல் கொனிகா மினோல்டாவின் கேமராத் தொழிலை வாங்கி உள்ளே வந்த நிறுவனம். கண்ணாடிக் களத்தில் கேனானையும் நிக்கானையும் வெல்ல அதனால் முடியவில்லை. ஆனால் சென்சார் தயாரிப்பில் அதற்குப் பெரும் பலம் இருந்தது. 2010ல் எழாத, ஒளி ஊடுருவும் நிலைக் கண்ணாடியை வைத்து ஒரு நடுவழியைச் சோதித்தது. 2013ல் ஏ7 வழியாக முழுச்சட்டச் சென்சாரைத் தானியங்கி ஃபோகஸோடு மிரர்லெஸ்ஸுக்குள் கொண்டுவந்தது. இழப்பதற்கு அதனிடம் அதிகம் இல்லை. மற்ற இருவரிடமும் இருந்தது. கோடிக்கணக்கான ஈஎஃப், எஃப் மவுண்ட் லென்ஸ்கள் உலகெங்கும் வாடிக்கையாளர் பைகளில் இருக்கும்போது அவர்கள் தயங்கியது புரிகிறது. நிக்கான் 1 தொகுதிக்கு ஒரு அங்குலச் சிறு சென்சார். கேனானின் ஈஓஎஸ் எம் கேமராக்களுக்கு மிகச் சில லென்ஸ்கள். தங்கள் டிஎஸ்எல்ஆருக்குப் போட்டி வந்துவிடக் கூடாது என்ற எண்ணத்தோடு செய்தவையாகவே அவை எனக்குப் படுகின்றன. 2018 ஆகஸ்டில் நிக்கான் இசட் வரிசையையும், அடுத்த மாதமே கேனான் ஈஓஎஸ் ஆரையும் அறிவித்தபோது சோனி ஏ7 வந்து ஏறக்குறைய ஐந்தாண்டுகள் ஆகியிருந்தன.

அதன்பின் எல்லாம் விரைவாக நடந்தது. 2020 தொடக்கத்தில் கேனான் 1டி எக்ஸ் மார்க் 3, நிக்கான் டி6 வந்தன. இரு நிறுவனங்களும் அந்த உயர் வரிசை டிஎஸ்எல்ஆர்களுக்குக் கண்ணாடி வைத்த வாரிசு தரவில்லை. அதே ஆண்டு அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் தன் புகைப்படக்காரர்களுக்குச் சோனி மிரர்லெஸ்களை வழங்குவதாக அறிவித்தது. 2021ல் நிக்கான் இசட்9 எந்திர ஷட்டரையே கழற்றிவிட்டு வந்தது.

இப்போது செல்போன் விஷயம். ஜப்பானியக் கேமராத் தயாரிப்பாளர் சங்கமான சிபாவின் விநியோகக் கணக்குகளைப் பார்த்தால் படம் தெளிவாகும். 2010ல் எல்லா வகை டிஜிட்டல் கேமராக்களும் சேர்த்து 12 கோடிக்கு மேல் போயின. 2024ல் 85 லட்சத்தை ஒட்டி நின்றது. இந்தச் சரிவில் மிகப் பெரும்பகுதி சட்டைப்பைக்குள் அடங்கும் சிறு கேமராக்கள். அவற்றைக் கொன்றது செல்போன் என்பதில் சந்தேகமில்லை. டிஎஸ்எல்ஆர் 2012ல் உச்சம் தொட்டது: சுமார் 1 கோடியே 62 லட்சம். அந்த ஆண்டு மிரர்லெஸ் 40 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. 2020ல் முதல்முறையாக மிரர்லெஸ் முந்தியது. ஏறக்குறைய 29 லட்சத்துக்கு 24 லட்சம். 2024ல் மிரர்லெஸ் 56 லட்சம், டிஎஸ்எல்ஆர் சுமார் 10 லட்சம்.

இந்த எண்களை மெதுவாகப் படிக்க வேண்டும். பன்னிரண்டு ஆண்டுகளில் டிஎஸ்எல்ஆர் 1 கோடியே 52 லட்சத்தை இழந்திருக்கிறது. மிரர்லெஸ் பெற்றதோ வெறும் 16 லட்சம். டிஎஸ்எல்ஆரிலிருந்து மிரர்லெஸ்ஸுக்கு 'மாறினார்கள்' என்று பொதுவாகச் சொல்கிறோம். மாறியவர்கள் சிறு கூட்டம். கிட் லென்ஸோடு ஒரு டிஎஸ்எல்ஆர் வாங்கி, குழந்தையின் பிறந்தநாளுக்கும் ஊட்டிப் பயணத்துக்கும் எடுத்துப்போன பெருங்கூட்டம் எந்தக் கேமராவுக்கும் மாறவில்லை, செல்போனோடு நின்றுவிட்டது. ஆகவே நடந்தவை இரண்டு வெவ்வேறு நிகழ்ச்சிகள். கீழ்த்தட்டைச் செல்போன் எடுத்துக்கொண்டது. மேல்தட்டைச் சென்சாரிலேயே நடந்த ஃபோகஸ் எடுத்துக்கொண்டது. ஒரே காலத்தில் நடந்ததால் இரண்டும் ஒன்றுபோலத் தெரிகின்றன.

இதில் எனக்கு உண்மையான வருத்தம் கீழ்த்தட்டைப் பற்றித்தான். குறைந்த விலை டிஎஸ்எல்ஆர் ஒரு பள்ளிக்கூடமாக இருந்தது. மிரர்லெஸ் நிறுவனங்கள், விற்பனை சுருங்கியபின், விலை உயர்ந்த உடல்களையும் லென்ஸ்களையுமே நம்பி நிற்கின்றன. சிறு ஊர் ஸ்டுடியோ ஒன்று முழுதாக மாற வேண்டுமானால் உடல், லென்ஸ், பேட்டரி, கார்டு என்று கடன் வாங்காமல் முடிவதில்லை. அடாப்டர் ஓரளவு கைகொடுக்கிறது: பழைய எஸ்எல்ஆர் லென்ஸைப் புதிய உடலில் மாட்டலாம், ஏனென்றால் நடுவே இடம் இருக்கிறது. புதிய லென்ஸைப் பழைய உடலில் மாட்டினால் கண்ணாடிக்கு இடமில்லை. ஆக, பாதை ஒருவழிதான். இதன் மறுபக்கமாக, பழைய டிஎஸ்எல்ஆர்கள் இரண்டாம் கைச் சந்தையில் மலிவாகக் கிடைக்கின்றன. கற்க வரும் மாணவர்களிடம் அவற்றை வாங்கச் சொல்லித் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். உதிரி பாகம் கிடைக்கும்வரை அவை உழைக்கும்.

இழந்தவற்றில் பேட்டரியையும் சொல்லியாக வேண்டும். சிபாவின் அளவுமுறைப்படி டி850 ஒரு சார்ஜில் 1,840 படம், இசட்7 330. நடைமுறையில் இந்த வேறுபாடு இவ்வளவு பெரிதாக இல்லை. ஆனாலும் கண்ணாடியும் பட்டகமும் பார்ப்பதற்கு ஒரு துளி மின்சாரமும் கேட்டதில்லை. அணைத்துவைத்த கேமராவில் கண் வைத்து, விடியற்காலையில் கோபுரத்தின்மேல் வெயில் இறங்குவதற்காக நான் அரைமணி நேரம் காத்திருந்ததுண்டு. வந்தது கோபுரத்திலிருந்து புறப்பட்ட அதே வெளிச்சம். மின்னணு வியூஃபைண்டர் காட்டுவது கேமரா கணக்குப் போட்டு வரைந்த படம். எடுக்கப்போகும் படம் கறுத்துப்போகுமா வெளுத்துப்போகுமா என்று முன்பே காட்டிவிடுகிறது, தவறுகள் குறைந்துவிட்டன. வெளிச்சத்தைக் கண்ணால் எடைபோடும் பயிற்சியும் கூடவே குறைகிறது. பென்டாக்ஸ் கேமராக்களைத் தயாரிக்கும் ரிக்கோ மட்டும், ஒளியைக் கண்ணுக்கே அனுப்பும் எஸ்எல்ஆரை விட மாட்டோம் என்று 2020ல் வெளிப்படையாகச் சொன்னது. 2021ல் கே-3 மார்க் 3 கேமராவையும், 2023ல் அதன் கறுப்பு வெள்ளை வடிவத்தையும் வெளியிட்டது. சந்தையில் அதன் பங்கு சிறிது. அந்தப் பிடிவாதத்தின்மேல் எனக்கு மரியாதை பெரிது.

கடைசியாக, சத்தம். கண்ணாடி எழும்பி அடிக்கும் ஓசை திரைப்படப் படப்பிடிப்பில் ஸ்டில் எடுப்பவர்களுக்குப் பெரும் தொல்லை. ஓசையடக்கும் பெட்டிக்குள் கேமராவை வைத்துப் படமெடுத்தார்கள். கோல்ஃப் மைதானத்தில் மட்டை பந்தைத் தொடும்வரை பொத்தானை அழுத்தக் கூடாது. இப்போது அந்தக் கவலை இல்லை. மந்திரம் ஓதும் நேரத்தில் நான் ஓசையை முழுவதும் அணைத்துவிடுகிறேன், ஐயரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சென்ற தை மாதம் ஒரு கல்யாணத்தில் மணமக்களுக்கு ஆசீர்வாதம் செய்யத் தொண்ணூறை நெருங்கிய ஒரு பாட்டி மேடையேறினார். அட்சதையைத் தூவிவிட்டு, கேமராவைப் பார்த்து, கையை அப்படியே உயர்த்தி வைத்துக்கொண்டு நின்றார். நான் ஏழெட்டுப் படம் எடுத்துவிட்டேன். அவர் அசையவில்லை. கை நடுங்கத் தொடங்கியது. "இன்னும் எடுக்கலையா தம்பி?" என்றார். "எடுத்தாச்சு பாட்டி" என்று சொல்லி அவரைக் கைபிடித்து இறக்கிவிட்டுத் திரும்பி வந்து, மெனுவுக்குள் போய் ஷட்டர் ஓசையைக் கூட்டிவைத்தேன்.